மூன்றாவது மணி

மதிய இடைவேளையில் அலுவலகப் பெண்களுக்காக நடந்த விவாதம் அது. தலைப்பு, 'ஆட்குறைப்பில் கருணைக்கு இடமுண்டா?'

'உண்டு' என்று பேச வந்த மனிதவள அதிகாரிதான் கடைசிப் பேச்சாளர். அவளுக்கு ஏழு நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

ஏழாவது நிமிடம் மேடை ஓரத்தில் நின்ற வரவேற்பாளினி மணியடித்தாள். அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்து நேரத்தைக் கடத்தினாள்.

இரண்டாவது மணி அடித்தது. பின்வரிசையில் சாப்பாட்டு டப்பாக்களை மூடும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு கருத்து..." அதிகாரி கெஞ்சினாள்.

"மைக்கைப் புடிச்சா விடமாட்டாங்க போல" என்று யாரோ சொல்ல, அரங்கமே சிரித்தது.

மூன்றாவது மணி அவள் பேச்சை நிறுத்தும்வரை விடாமல் அடித்தது. கூட்டம் கலைந்தது.

வரவேற்பாளினி ஓடி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. 'நேரத்துல கறாரா இரு, வேலையை நிரந்தரம் பண்ணிடுவாங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதிகாரி கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள்.

"நிரந்தர ஆர்டராக்கா?" முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டாள் வரவேற்பாளினி.

காலையில் அந்த உறையைக் கொடுத்தபோது மேனேஜர் சொல்லியிருந்தார்: "கூட்டம் முடியறவரைக்கும் அந்தப் பொண்ணு மணியடிக்கட்டும். முடிஞ்ச கையோட இதைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க."