புதுசு மேலே, பழசு கீழே

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ரமா கணவரின் லேப்டாப்பைத் திறந்தாள். ஈமெயில், படிக்காத கடிதத்தில் தானாகவே போய் நின்றது. அனுப்பியிருந்தவள் பெயர் மார்கரெட்.

மார்கரெட் எழுதுவது இது முதல் தடவை இல்லை. கிரிதர் கண்ணில் படுவதற்குள் இதையும் ஒழித்துக்கட்டியாக வேண்டும்.

தப்பாக நினைக்க வேண்டாம், கிரிதர் அந்த மாதிரி ஆள் இல்லை. மார்கரெட் ஏதோ ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற அதிகாரி. 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

கிரிதருக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. மறைமலை நகரில் அவர் இத்தனை வருஷம் கணக்குப் பார்த்த தொழிற்சாலை, ஆள் குறைப்பு என்று ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. முதல் 'வருந்துகிறோம்' வந்த அன்று அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை ரமாவால் மறக்க முடியவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் திருட்டு வேலை. காலையில் அவர் குளிக்கப் போனதும், ஊரார் வருத்தங்களையெல்லாம் அழித்துவிடுவாள். பதில் ஏதாவது வந்ததா என்று கேட்டால், இன்னும் வரவில்லை என்று கிரிதரும் சாந்தமாகச் சொல்லுவார்.

அழித்த நாட்களில் ரமாவுக்கு முகம் செத்துப்போகும். அன்றைக்கென்று பார்த்து அவரே காபி கலந்துகொண்டு வந்து நீட்டுவார். ஒன்றும் அறியாத மனுஷன் என்று அவளுக்கு இன்னும் அழுகையாக வரும்.

ஈமெயிலில் ரமாவுக்குத் தெரிந்தது இரண்டே வேலை. திறப்பது, அழிப்பது. புதுக் கடிதம் மேலே இருக்கும், பழையது கீழே. மேலே இருப்பதை அழித்தால் அதற்கடுத்துக் கீழே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். அது அவர் என்றைக்கோ படித்து முடித்ததாக இருக்கும். லேப்டாப் கிழடு, சமயத்தில் மசமசவென்று நின்றுவிடும். கை பொறுக்காமல் இன்னொரு தடவை அமுக்கினாலும் போவது பழைய கரண்ட் பில் ரசீதுதான். குடி முழுகிப்போகாது.

இன்றைக்கும் லேப்டாப் நின்றது. ரமா இரண்டாம் தடவையும் அமுக்கினாள். மார்கரெட் போனாள். அடுத்துத் திறந்த கடிதமும் கண்முன்னே ஒரு நொடி நின்றுவிட்டுப் போயிற்று.

அந்த ஒரு நொடியில் படித்ததே போதும். மாமல்லபுரம், கடற்கரை ஹோட்டல், கணக்கு மேலாளர் வேலை, இன்று பிற்பகல் நேர்முகத் தேர்வு.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது கிரிதர் என்னவோ சொன்னார். கணக்குப் புத்தகத்தை யாராவது கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார்களா, அதனால் மெயிலையும் பழசு மேலே, புதுசு கீழே என்று மாற்றிவிட்டேன் என்றார். ரமா ரசத்தைப் பரிமாறிக்கொண்டே 'உம்' கொட்டிவைத்தாள். வரிசை தலைகீழானால், ஒன்றை அழித்ததும் திறப்பது அதைவிடப் புதியதாக இருக்கும் என்று அவள் எங்கே கண்டாள்?

மாமல்லபுரம் கடலோரம் நெடுக ஹோட்டல்தான். எந்த ஹோட்டலென்று போய்க் கேட்பது? கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் பண்ணிவிட்டோமே என்று ரமா தலையில் அடித்துக்கொண்டாள். லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றாள். கல்லில் இருந்த தோசை கருகியது.

கிரிதர் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல லேப்டாப் முன்னால் உட்காரும் சத்தம் கேட்டது. பாவம், அங்கே அவருக்குப் பார்க்க என்ன இருக்கிறது? மறைத்து மறைத்து அவளுக்கும் அலுத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, நடப்பது நடக்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

கிரிதர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். யாரிடம் போய்க் கெஞ்சி நிற்கப் போகிறாரோ என்று நினைத்ததும் ரமா உடைந்துபோனாள்.

"என்னை என்ன வேணா திட்டுங்கோ. உங்களுக்கு வேண்டாம்னு வந்த மெயிலையெல்லாம் இத்தனை நாளா நான்தான் அழிச்சிண்டிருந்தேன். இன்னிக்கு மாமல்லபுரத்துலேர்ந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தா. அதையும் அழிச்சுட்டேன்."

கிரிதர் நிமிரவில்லை. காலரைத் திருப்பிப் போட்டு நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"டெலிட் பண்றதெல்லாம் ட்ராஷ்னு ஒரு எடத்துல போய் இருக்கும் ரமா, மூணு மாசமா தெனம் நான் மொதல்ல படிக்கறதே அதைத்தான்."