ஆறாத தட்டு

தம்பியின் கால்புண் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. புண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவை எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தேன். அதைத் தின்னும் வைரஸ் ஏதாவதொரு சாக்கடைத் தண்ணீரில் இல்லாமலா போய்விடும்? கிடைத்தால் ஊசியில் ஏற்றிவிடலாம்.

மற்றவர்களின் தட்டுகள், உடல்சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். தம்பியின் தட்டுகள் ஆறவில்லை. ஃபிரிட்ஜில் வைத்தும் கையில் சுட்டன.

"காய்ச்சல்காரன் நெத்தியத் தொட்ட மாதிரில்ல இருக்கு," என்றார் பக்கத்து மேசைக்காரர். பிறகு அவர் அவற்றைத் தொடவேயில்லை.

ஊரில் ஒரு சாக்கடையையும் விடவில்லை. எந்த வைரஸை விட்டாலும் பாக்டீரியா பாலாடை மாதிரி அப்படியே படிந்து கிடந்தது. இன்று காலை ஒரு தட்டில், சொட்டு விட்ட இடமெல்லாம் பளிங்காகத் தெளிந்திருந்தது. வைரஸ் தின்றுவிட்டது! வெளியே எடுத்தேன். இன்குபேட்டருக்குள் இருந்த தட்டு சில்லென்றிருந்தது.

அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து தம்பி மனைவி அழைத்தாள்.

"கெடச்சிருச்சு!" என்று கத்தினேன்.

"இங்கயும் நல்ல சேதிதான் அண்ணி. காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு, உடம்பு சில்லுனு இருக்கு. இத்தன நாள் தூங்காத மனுஷன், இப்பதான் அசந்து தூங்குறாரு. உலுக்கினாக்கூட முழிக்கல."