நடுங்காத முள்

முள் நடுங்கவில்லை. அதனால்தான் நான் நடுங்கினேன்.

புதுக் கொதிகலனுக்கு முன்னால் எங்கள் ஆலை இயக்குநர் நின்றார். அவருக்குப் பின்னால் டை கட்டிய விருந்தாளிகள். எல்லோர் தலையிலும் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத மஞ்சள் தொப்பி.

எரிவாயுக் குழாயின் மேல் இருந்த அழுத்தமானியை இயக்குநர் காட்டினார். முள் பச்சைப் பட்டையின் நட்டநடுவில் நின்றது.

உள்ளே மடிப்பு மடிப்பாக இரண்டு மெல்லிய தகடுகள் என்றார். விளிம்பில் ஒட்டிய சப்பைப் பெட்டி. வாயு நுழைந்தால் முடி கனத்துக்கு உப்பும். அந்த உப்பலைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். சரியாகத்தான் சொன்னார்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். இயக்குநரும் கொஞ்சம் உப்பினார்.

அவர் சொல்லாதது ஒன்று உண்டு. அவ்வளவு மெல்லிய தகடு சும்மா இருக்காது. யாராவது குழாயை உரசினால்கூட முள் சிலிர்க்கும்.

இன்று வரைந்து வைத்த படம்போல நின்றது.

போன மழைக்காலத்தில் பழைய கொதிகலன் ஒன்றில் இப்படித்தான் முள் சிக்கிக்கொண்டது. வாயு ஏறியது யாருக்கும் தெரியவில்லை. பற்றவைத்த நொடியில் நெருப்பு வெளியே வந்து, எதிரில் நின்றவரின் முகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

இப்போது எதிரில் நிற்பவன் என் மச்சினன். கருவிகளைப் பழுதுபார்க்கும் அவனை ரிப்பன் பிடிக்க நிறுத்தியிருந்தார்கள்.

கண்ணாலேயே முள்ளைக் காட்டினேன். பெருமையாகச் சாய்ந்து என் காதில் சொன்னான்.

“கவலைய விடுங்க மாமா. விருந்தாளி முன்னாடி முள்ளு ஆடுனா அசிங்கம்னாரு டைரக்டரு. பசை போட்டு ஒட்டிட்டேன்.”

குழாயில் வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இயக்குநர் பேசும்போது குறுக்கே பேசியவர்கள் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை. என் வாய் திறக்கவில்லை. கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய், எரிவாயுக் குழாய் வால்வின் பிடியைத் தடவிப் பிடித்து, இழுத்து மூடியது.

இயக்குநர் பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விசிறி இரைந்தது. தீப்பொறி இரண்டு தரம் தட்டி ஓய்ந்தது. உள்ளே கும்மிருட்டு.

விருந்தாளிகளில் மூத்தவர் குனிந்து, கொதிகலனின் பார்வைக் கண்ணாடியில் நெடுநேரம் கண் வைத்திருந்தார். நிமிர்ந்து, இவ்வளவு சுத்தமான தீயைத் தான் எந்த ஆலையிலும் கண்டதில்லை என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள்.

மச்சினனின் முகம் முழுசாக இருந்தது. எனக்கு அது போதும். மூச்சு திரும்பி வந்தது.

கிளம்புகிற நேரத்தில் இயக்குநர் அவன் தோளில் தட்டினார்.

“முள்ளு அப்படி நின்னுச்சே, அதான்யா அழகு! ஓடிட்டிருக்கிற பதினோரு பாய்லர்லயும் சாயங்காலத்துக்குள்ள இதே மாதிரி நிறுத்திடு.”

மச்சினன் சட்டைப்பையிலிருந்து பசை ட்யூபை எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அமுக்கிப் பார்த்தான்.