அதட்டல்

கடைத்தெரு நடுவே இருந்த பழைய நூலகத்தில் பத்மாசனி தினமும் வேண்டுமென்றே நாற்காலியைக் கிரீச்சென்று இழுத்து உட்காருவாள். "அம்மா, சத்தம்!" என்று நூலகர் தேவசகாயம் அதட்டுவார். தனியாக இருப்பவளிடம் நாள் முழுக்க ஒரு மனுஷர் பேசுவது அவ்வளவுதான்.

நூலகத்தை நிரந்தரமாக மூடும் நாளன்று புத்தகங்களெல்லாம் லாரியில் போய்விட்டன. அன்று வந்தவள் அவள் ஒருத்திதான். நாற்காலியைப் பலமாக இழுத்தாள். அவர் நிமிரவே இல்லை.

"என்ன சார், அதட்டலையா?"

"யாருக்குத் தொந்தரவு? அந்தக் காலத்துல வெள்ளைக்காரத் துரைமாருங்க கூத்தடிக்கக் கட்டின மண்டபம்மா இது. வாய்விட்டுப் பேசுங்க, கேக்கறேன்" என்று எதிரே வந்து உட்கார்ந்தார்.

பத்மாசனி மனசுக்குள் அவரிடம் எவ்வளவோ பேசியிருக்கிறாள்.

"வீட்ல குழாய் சொட்டுது சார்" என்றாள் கடைசியில். "ராத்திரியெல்லாம் கேக்குது."

தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எப்போலேருந்தும்மா?"