சஃபீனாவின் பாதாம் சோப்பு

"மோந்து பாருங்க தம்பி! இது அந்த சஃபீனா சோப்பு, இது என் சோப்பு. ரெண்டுலயும் ஒரே பாதாம் எசன்ஸ்தான். அவளுது மணக்கு. எனது மட்டும் ஏன் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கு?"

மாலதி தாராவி வீட்டின் மாடி அறையில் சோப்பு செய்து விற்கிறவள். அவள் நீட்டிய கட்டிகளைக் கணவனின் தம்பி தளவாய் முகர்ந்து பார்த்தான். செம்பூரில் ஒரு கோச்சிங் சென்டரில் வேதியியல் எடுக்கிறவன் அவன். இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

"எசன்ஸை எப்ப ஊத்துவீங்க மைனி?"

"காஸ்டிக் சோடாவையும் எண்ணெயையும் கலக்கும்போதே. வெட்டும்போது கமகமன்னு இருக்கும். காயக் காய வாசம் ஓடிருது."

"ஓடல, மாறிருது. பாதாம் வாசம் கொடுக்கது பென்சால்டிஹைடு. காஸ்டிக் ரொம்பப் பலமான காரம். அது ஒரு பென்சால்டிஹைடு மூலக்கூறைப் பிடிச்சு நெருக்கும். அந்த மூலக்கூறு தன் ஹைட்ரஜனைப் பக்கத்துல நிக்க இன்னொண்ணுகிட்ட தள்ளிவிட்டுரும். கொடுத்தது உப்பா மாறும், வாங்குனது ஆல்கஹாலா மாறும். ரெண்டுலயும் பாதாம் வாசம் கிடையாது. சோப்பு ஆகி முடியும்போது காஸ்டிக்கும் தீர்ந்துரும். ஆனா அதுக்குள்ள வாசம் காலி!"

"அவ சோப்புலயும் காஸ்டிக் இல்லாமலா? அவளுக்கு மட்டும் ஏன் காலியாகல?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு மைனி..."

"என்ன பொல்லாத வழி! யாரோ அவளுக்கு மட்டும் உசத்திச் சரக்கு கொடுக்கான். மாட்டுங்கா கடையில என் சோப்பை எடுத்துட்டு அவ சோப்பை அடுக்கியிருக்காங்க. 'சஃபீனா கைப்பக்குவமே தனி'ன்னு என்கிட்டயே சொல்லுதாங்க. வயிறு எரியுது எனக்கு!"

தளவாய் அந்த வழியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாலதி ஏணிப்படியில் இறங்கிவிட்டாள்.

அடுத்த சந்தில் சஃபீனாவின் வீடு. வாசலிலேயே பாதாம் மணந்தது. உள்ளே அவள் பச்சைத் தாளில் சோப்புகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வழவழப்பான விரல்கள், ஒரு தழும்பு இல்லை. மாலதி தன் கையைப் பார்த்தாள். காஸ்டிக் தெறித்துப் புண்ணாகி ஆறிய வடுக்கள். காஸ்டிக்குக்குக்கூட இவள்மேல்தான் பிரியம் போல என்று நினைத்தபோது மனம் இன்னும் பொருமியது.

"வாங்க மாலதிக்கா. சாய் போடட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். இந்த ஏரியாவுக்கு நீயே ராணியா இரு. நான் இனிமே சோப்பு போடப் போறதில்ல. சட்டி, அச்சு எல்லாத்தையும் பழைய சாமான் எடுக்க பங்கார்காரன்கிட்ட தூக்கிப் போடப் போறேன்."

சஃபீனாவின் கை அப்படியே நின்றது.

"ஏன்க்கா? உங்க வியாபாரம் நல்லாத்தானே போகுது?"

"எது? ஓட்டல்ல பாத்திரம் கழுவன்னு சொல்லி, வாசம் போன கட்டியையெல்லாம் ஆண்டாப் ஹில் இனாயத்துல்லா பாய் சல்லிசா அள்ளிட்டுப் போறாரே, அதுவா? மணக்குற சோப்பு செய்ய எனக்குத் தெரியல, உனக்குத் தெரியுது. போதுமா?"

சஃபீனா எழுந்து கதவைச் சாத்தினாள். மாலதியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. இனாயத்துல்லா என் மாமாதான். காஸ்டிக்னா எனக்கு உயிர்ப் பயம், இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்ல. நீங்க நிறுத்திட்டா, நான் யாரு சோப்பை உருக்கி எசன்ஸ் ஊத்துவேன்?"