பழைய மாணவரின் குரல்

வேளாண் தொழிற்பள்ளியிலிருந்து அழைப்பு வருவதற்கு முன் மாதேஷ் கொஞ்சம் தூங்கி எழுந்தான். அங்கே படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். படிப்பு பயன்பட்டதா என்று பள்ளி ஆண்டுதோறும் கேட்கும். பதிலைவிடக் குரலைத்தான் கணக்கில் எடுக்கும். குரலில் சலிப்பு தெரிந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடையாது. இந்த வருடம் மகள் ரேணு விண்ணப்பித்திருந்தாள்.

"போன வருசம் மாதிரி இழுக்காதீங்க. கொட்டாவி வந்தா முழுங்கிடுங்க" என்றாள் மனைவி கோகிலா.

சுவரில் அழைப்புக்கான பச்சை விளக்கு எரிந்தது. பள்ளியின் குரல் கேட்டது.

"படிப்பு பயன்பட்டதா?"

"ரொம்பப் பயன்பட்டுச்சு."

"குரல் சோர்வாக இருக்கிறது. மீண்டும் சொல்லுங்கள்."

கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கோ வயல்களில் ஓடும் இயந்திரங்கள் அனுமதி கேட்கும்போதெல்லாம் திரையில் விரலை அழுத்துவதுதான் அந்தப் படிப்பால் மாதேஷுக்குக் கிடைத்த வேலை. அதை மறந்து வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான்.

"மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டக் கத்துக்கிட்டேன். காஞ்சு போச்சுன்னே நினைச்சேன். ஒருநாள் காலையில பாத்தா, செவப்பா ஒரு துளிர்! வகுப்பையே இழுத்துட்டு வந்து காட்டினேன்."

"நன்றி. மாணவிக்கு இடம் உறுதி."

உள்ளறையிலிருந்து ரேணு ஓடிவந்தாள். "படிச்சா எனக்கும் அந்த ஒட்டுக் கட்டுற வேலைதானேப்பா?"

மாதேஷ் சுவரைப் பார்த்தான். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது; பள்ளி கேட்டுக்கொண்டிருந்தது.

"அதேதாம்மா!" என்றான் உற்சாகமாக.

விளக்கு அணைந்த பிறகும் அவள் அவன் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.