பாதி வழியில் திரும்பும் வண்டி

டிரைவர் இல்லாமல் தானே ஓடும் இப்போதைய வண்டிகளில் ஊரைச் சொல்லி ஏறிவிட்டால் அவ்வளவுதான். எதுவும் பாதி வழியில் திரும்பாது. சவரிமுத்து மட்டும் பழைய அம்பாசடர் ஒன்றை எட்டு மாதமாக வாசலில் பிரித்துப்போட்டு, ஒயர் மாற்றி, ஸ்டியரிங்கைச் சரிசெய்து ஓட வைத்திருந்தார். மகள் ஜெசிந்தாவைப் புருஷன் வீட்டில் விட அதில்தான் கிளம்பினார்.

மணப்பாறை தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான் அங்க போகலப்பா. இன்னும் அடி வாங்க என்னால முடியாது."

அவர் வலது இண்டிகேட்டரைப் போட்டார், இடதுபக்கம் மின்னியது.

"ஒயர மாத்திப் போட்டுட்டீங்கப்பா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"வீட்டுக்குப் போய்ச் சரிபண்ணிக்கலாம்மா."

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிய வண்டியை, "நன்றி மாதாவே" என்று முணுமுணுத்தபடி, கிரீஸ் படிந்த கையால் தட்டிக்கொடுத்தார்.